இருபது வருஷமா எடுக்காத டேங்க்

பாளையங்கோட்டையில் பழைய வீடு ஒன்றை விலைக்குப் பார்க்கப் போனால் இரண்டு பெருமைகளைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஒன்று, கிணற்றுத் தண்ணீர். இன்னொன்று, "டேங்க் இருபது வருஷமா எடுக்கவே இல்ல, அண்ணாச்சி." பெருமாள்புரமோ, மகாராஜநகரோ, தியாகராஜநகரோ, எந்தப் பக்கம் போனாலும் இந்த வசனம் மாறாது. டேங்க் என்று வீட்டுக்காரர் சொல்வது மலக்குழியை. எடுப்பது என்றால் லாரி வைத்து உறிஞ்சுவது. இருபது வருஷம் லாரிக்காரருக்குக் காசு கொடுக்கவில்லை என்பது வீட்டுக்காரர் கணக்கில் வீட்டின் தரத்துக்கு ஒரு சான்றிதழ்.

அறிவியல் கணக்கில் அது ஒரு எச்சரிக்கை. ஐந்து பேர் இருபது வருஷம் புழங்கிய தொட்டி நிறையவில்லை என்றால், போனதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். அந்தக் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றும் கூடவே கேட்டுவிடுவது நல்லது.

டேங்க் என்ற ஒரே பெயரில் நம் ஊரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் புதைந்திருக்கின்றன. முதலாவது, அடியும் பக்கமும் பூசி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, உள்ளே வர ஒரு குழாயும் வெளியே போக ஒரு குழாயும் உள்ள உண்மையான செப்டிக் டேங்க். இரண்டாவது, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்ட உறைக்குழி. மூன்றாவது, நாலு பக்கமும் பூசி, வெளியே போக வழியே இல்லாத வெறும் தொட்டி. மூன்றாவது வகை வீட்டுக்காரருக்கு லாரிக்காரர் சொந்தக்காரர் மாதிரி, அடிக்கடி வருவார். இருபது வருஷப் பெருமை பெரும்பாலும் இரண்டாவது வகையுடையது. அல்லது அடி விரிசல் விட்டு, தானே இரண்டாவது வகையாக மாறிவிட்ட முதல் வகையுடையது.

உறைக்குழியிலிருந்து நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. கிருமிகளில் பெரும்பகுதியை மண் வடிகட்டிவிடும், நடுவில் போதிய மண் இருந்தால். ஆனால் சிறுநீரில் உள்ள நைட்ரஜன் மண்ணில் உள்ள பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறி, தண்ணீரில் கரைந்து, எந்தத் தடையும் இல்லாமல் கிணற்றுக்குப் போய்ச் சேர்கிறது. நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நாக்கு சொல்வதில் அதைக் கண்டுபிடிக்கவும் வழி கிடையாது. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிப்பது லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீர்க் கிணற்றுக்கும், தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய ஆவணம் ஐ.எஸ். 2470 சொல்கிறது. மூன்று சென்ட் மனையில் 18 மீட்டருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் சேர்த்தால் ஒரு தெருவே தேறாது.

எடுக்காமலே ஓடும் தொட்டி என்ற கனவு பழையது. 1860 வாக்கில் பிரான்ஸில் ழான் லூயி மூராஸ் என்பவர் தன் வீட்டுக் கழிவு போய்ச் சேர ஒரு தொட்டி கட்டினார். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அதைத் திறந்தபோது, எதிர்பார்த்த அளவுக்குக் கசடு இல்லை. பெரும்பகுதி திரவமாகிவிட்டிருந்தது. 1881-இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரன் 1895-இல் இதே கொள்கையில் பெரிய தொட்டி கட்டி, செப்டிக் டேங்க் என்ற பெயரைக் கொடுத்தார். உள்ளே போனது தானாகக் காணாமல் போகும் என்ற நம்பிக்கை அப்போதே பரவிவிட்டது. முக்கால் உண்மைதான் அது. மீதிக் கால்தான் லாரி.

தொட்டிக்குள் நடப்பது இதுதான். வந்து விழுவதில் கனமானது அடியில் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து ஆடைபோலப் படியும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். வெளியே போகும் குழாய் அந்த நடு நீரை மட்டும் எடுக்கும்படி, டி வடிவத்தில் வாய் கீழ்நோக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே போகும். அதனால் ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் புழக்கத்துக்கு வந்து சில நாட்களிலேயே நிறைந்துவிடும், பிறகு எப்போதும் நிறைந்தே இருக்கும். "டேங்க் நிறைஞ்சிட்டு, லாரியைக் கூப்பிடு" என்று நாம் பதறுவது உண்மையில் வேறொரு கோளாறு. கசடு உயர்ந்து வெளிக்குழாயை எட்டியிருக்கும், அல்லது உறிஞ்சுகுழி அடைத்திருக்கும். அந்த நிலைக்கு வரும் முன்பே கசடு பல மாதமாக வெளியே வழிந்து கொண்டிருந்திருக்கும்.

அடியில் தங்கிய கசடில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் பெரிய மூலக்கூறுகளை உடைத்துக் கரைக்கிறது. அடுத்தது கரைந்ததை அமிலமாக்குகிறது. கடைசியாக வருபவை மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியா. இவை பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம். மெதுவாகப் பெருகும், தொட்டாற்சிணுங்கிகள். அமிலம் கூடினால் நின்றுவிடும், குளிர்ந்தால் சோம்பிவிடும். வெப்பத்தைப் பொறுத்தவரை நெல்லைச் சீமை இவற்றுக்குச் சொர்க்கம். சித்திரை வெயிலில் நாம் புலம்பும்போது தொட்டிக்குள் செரிமானம் சுறுசுறுப்பாக நடக்கிறது. இவற்றின் எதிரி வெயில் அல்ல, வாரந்தோறும் வாளியில் கலந்து ஊற்றும் ஃபினாயிலும், கறை போக ஊற்றும் ஆசிடும், ப்ளீச்சிங் பவுடரும்தான். ஒரு மூடி ஊற்றினால் தொட்டி தாங்கிக்கொள்ளும். மணமே போதாது என்று அரை பாட்டில் கவிழ்க்கும் வீட்டில் செரிமானம் நின்று கசடு மட்டும் சேரும்.

செரிக்க முடியாததும் உண்டு. மணல், நார், முடி, நுண்ணுயிர்களின் சொந்த உடல்கள். இது ஆளுக்கு நாளொன்றுக்கு 0.21 லிட்டர் என்று வடிவமைப்பாளர்கள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 77 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 385 லிட்டர். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி நீர் ஆழம் உள்ள தொட்டி ஏறக்குறைய 5,660 லிட்டர் பிடிக்கும். கசடு மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது எடுத்துவிட வேண்டும் என்பது பொது விதி. அப்படியானால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. ஐ.எஸ். 2470 ஐந்து பேருக்குச் சொல்லும் குறைந்த அளவுத் தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம்தான். அவ்வளவு சிறிது என்றால் அதே விதிப்படி ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளக்கூடாது. இருபது வருஷத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

இனி, சக்கரம் வைத்த வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் நடிகர் நினைவுக்கு வருவார். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் ஏசி ஓட, கதவு மூடி நிற்கும் அந்த வண்டிக்கு அடியிலும் ஒரு தொட்டி உண்டு. மேலை நாடுகளில் குடும்பத்தோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவோரின் வண்டிகளிலும் அதே அமைப்புதான். கழிப்பறைக்கு ஒன்று, குளியலுக்கும் பாத்திரத்துக்கும் இன்னொன்று என்று இரண்டு தொட்டிகள். கழிப்பறைத் தொட்டி 100, 150 லிட்டர் அளவே இருக்கும். அதற்குள் செரிமானம் எதுவும் நடந்து முடியாது, நேரம் கிடையாது. பிடித்து வைத்து, உரிய இடத்தில் திறந்துவிடுவது மட்டுமே அதன் வேலை.

அந்த வண்டியை முதன்முதலாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். வடிகால் இணைப்பு உள்ள இடத்தில் வண்டியை நிறுத்தியதும் குழாயை மாட்டி, வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். தொட்டி நிறையவே வேண்டாமே, அப்படியே ஓடட்டும் என்ற நினைப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? நீர் உடனே ஓடிவிடும். திடப்பொருள் விழுந்த இடத்திலேயே நிற்கும், காயும், அதன்மேல் அடுத்தது விழும். சில வாரத்தில் தொட்டிக்குள் ஒரு குன்றே எழும்பிவிடும், அதை ரசாயனத்தாலும் எளிதில் கரைக்க முடியாது. அனுபவசாலிகள் செய்வது நேர் எதிரானது. வால்வை மூடியே வைப்பார்கள். தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவார்கள். முக்கால் வாசி நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறப்பார்கள். அந்த வேகத்தில் நீர் திடத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கழிப்பறைத் தொட்டி காலியானதும் குளியல் தொட்டியைத் திறந்தால், அதன் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக் கொடுத்துவிடும். பிறகு சுத்தமான நீரை விட்டு அலசி, அடுத்த சுற்றுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தி வைப்பார்கள்.

நீர் மட்டும் தனியே போனால் திடம் பின்தங்கும். கேரவனின் இந்தப் பாடத்தை அப்படியே பாளையங்கோட்டை மலக்குழிக்கும் கொண்டு வரலாம். லாரி வந்து குழாயை இறக்கி உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வருவது மேலே நிற்கும் தண்ணீர், அதுவே லாரியின் 4,000 லிட்டரோ 6,000 லிட்டரோ நிறையப் போதுமானது. "முடிஞ்சது" என்று குழாயைச் சுருட்டிவிட்டால், நாம் பணம் கொடுத்தது எப்படியும் தானாக வெளியே போகவிருந்த தண்ணீருக்கு. எடுக்க வேண்டிய கசடு அடியில் களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும். விவரமான லாரிக்காரர் உறிஞ்சிய நீரில் ஒரு பகுதியைத் திரும்பவும் வேகமாகப் பீய்ச்சி, அடியைக் கலக்கி, குழம்பாக்கிப் பிறகு எடுப்பார். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த அரை மணிக்கு இருநூறோ முந்நூறோ சேர்த்துக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

லாரி உறிஞ்சுகிறது என்று சொல்கிறோமே தவிர, இழுப்பது லாரி அல்ல. அதன் பம்ப், லாரித் தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளியே உள்ள வளிமண்டலம்தான் மலக்குழியை அழுத்திக் கசடை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர் உயர்த்தும், நடைமுறையில் ஆறேழு மீட்டர். கசடு தண்ணீரை விடக் கனம், பிசுபிசுப்பும் கூட. ஆழமான உறைக்குழியின் அடிக்கசடு வராமல் அடம்பிடிப்பதற்கும், கலக்கித் தண்ணியாக்க வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

எடுத்து முடித்ததும் சிலர் தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். தேவையில்லை, கெடுதலும்கூட. பாலை உறைய வைக்கப் பிரை மோர் வைப்பதுபோல அடியில் கொஞ்சம் கசடு இருந்தால்தான் அடுத்த சுற்றுச் செரிமானம் சட்டென்று தொடங்கும். புதுத் தொட்டியில் சாணியைக் கரைத்து ஊற்றும் வழக்கம் இங்கே உண்டு. ஆன்லைனில் பாக்டீரியாப் பொடியும் விற்கிறார்கள். சாணியால் கெடுதல் இல்லை. பொடிக்குக் காசு செலவழிப்பது அவரவர் விருப்பம். தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் நம் குடலிலிருந்தே தினமும் இலவசமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

காலியான தொட்டியில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் லாரிக்கு ஆள் தேடுவது ஐப்பசி, கார்த்திகையில்தான். மழையில் நிலத்தடி நீர் ஏறி, உறிஞ்சுகுழி ஏற்க மறுத்து, கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போது. அந்த நேரத்தில் தொட்டியை முழுக்கக் காலி செய்தால், சுற்றியுள்ள ஈர மண்ணுக்கு அது ஒரு மூடிய படகு. 5,660 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியை நீர் சூழ்ந்தால் மேல்நோக்கிய உந்துவிசை ஐந்தரை டன்னுக்கு மேல். செங்கல் தொட்டி என்றால் அடித்தளம் விரியலாம், பிளாஸ்டிக் தொட்டி என்றால் தரையைக் கிளப்பிக்கொண்டு எழும்பியே வந்துவிடும். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடாகி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட நாட்களில் தொட்டியைத் திறக்கவே கூடாது. எடுக்க ஏற்ற காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. எடுத்த கையோடு கொஞ்சம் தண்ணீரையும் விட்டுவைக்க வேண்டும்.

ரயிலைச் சொல்லாமல் விட்டால் நெல்லை எக்ஸ்பிரஸ்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஓடும் வண்டியிலிருந்து நேரே தண்டவாளத்தில் விழுந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் பனிமலை வீரர்களுக்காக உருவாக்கிய செரிமானத் தொட்டியை ரயில்வே எடுத்துப் பெட்டிகளுக்கு அடியில் பொருத்தத் தொடங்கியது. தண்டவாளத்தில் கழிவே விழாத முதல் பசுமைப் பாதை என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது நம் பக்கத்து மானாமதுரை–ராமேஸ்வரம் தடம். கேரவன் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் பிறந்த குழந்தை இந்தப் பயோ டாய்லெட். வண்டியிலேயே செரித்து, நீரை மட்டும் வெளியே விட வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் என்னவோ உழைக்கத் தயார். பிளாஸ்டிக் பாட்டிலையும் குட்கா பாக்கெட்டையும் துணியையும் அவற்றால் செரிக்க முடியவில்லை. அடைப்புப் புகார்கள் குவிந்ததை 2017-இல் தணிக்கைத் துறை அறிக்கையே எடுத்துக்காட்டியது.

தொட்டிக்குள் உண்டாகும் வாயுக்களைத் தனியே பேச வேண்டும். மீத்தேன் விஷம் அல்ல, ஆக்சிஜனை விரட்டிவிடும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு விஷம். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மனிதர்கள் ஏமாறுவது இங்கேதான்: பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கின் உணர்வே மரத்துப் போகும். "நாத்தம் அடங்கிட்டு" என்று குனிபவர் அதைவிடப் பெரிய அளவை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு விழுவார். கசடில் கரைந்திருக்கும் இந்த வாயு, கலக்கும்போது குபீரென்று வெளிவரும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் என்று செத்தவர்களின் செய்தி வராத ஆண்டு தமிழ்நாட்டில் இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரை மலக்குழியில் இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை மூன்று மடங்காவதற்குள் சாவு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பத்து நிமிஷ வேலைதான், ஆள் இறங்கி அள்ளிவிடுவார் என்று ஒருவர் சொல்லும்போது, சம்மதிக்கும் வீட்டுக்காரரும் அந்தக் குற்றத்தில் பங்காளி. எந்த சாதியினரை அந்த வேலைக்கு அழைக்கிறோம் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நிறைந்த லாரி எங்கே போகிறது? வீட்டுக்காரர்கள் கேட்கவே விரும்பாத கேள்வி இது. தூரம் அதிகம், டீசல் விலை அதிகம், இருட்டு இலவசம். பழவூர் அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக ஓடும் பாளையங்கால்வாய் வயலுக்கு நீர் கொண்டுபோக வெட்டியது. இன்று ஊருக்குள் அதன் நிறத்தையும் மணத்தையும் வைத்து அது எதைக் கொண்டுபோகிறது என்று சொல்லிவிடலாம். அதில் லாரிகளின் பங்கு கொஞ்சம்தான். கசடு உயர்ந்து வழியும் ஆயிரக்கணக்கான தொட்டிகளின் குழாய்கள் தெருச் சாக்கடையில் திறந்து, சாக்கடை கால்வாயில் திறந்து, கடைசியில் எல்லாம் ஆற்றில் திறக்கின்றன. எடுக்காத டேங்கின் மிச்சச் செலவை ஆறு கட்டுகிறது. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024-இல் திருநெல்வேலிக்கே வந்து கரையோரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கசடைக் கையாளும் வழி தெரியாமல் இல்லை. செப்டேஜ் எனப்படும் இந்தக் கசடின் மேலாண்மைக்கு 2014-லேயே தமிழ்நாடு அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் வந்தது. லாரி கொட்டும் கசடை மணல் படுகையில் பரப்பினால் நீர் வடிந்து, வெயில் காயவைத்து, கிருமிகளில் பெரும்பாலானவை அழியும். நீர் தனியே சுத்திகரிப்புக்குப் போகும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் மாவட்டத்துக்குப் பொருத்தமான தொழில்நுட்பம். பெரிய ஊர்களில் பாதாளச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கசடையும் அளவோடு கலந்து சேர்ப்பதுண்டு. திருநெல்வேலி மாநகராட்சியின் நிலையம் ராமையன்பட்டியில் இருக்கிறது. கழிவு லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம் என்று 2022-இல் சட்டமும் திருத்தப்பட்டது. லாரியைக் கூப்பிடும்போது "எவ்வளவு?" என்பதோடு "லைசன்ஸ் இருக்கா? எங்கே கொட்டுவீங்க?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். ஆள் தெரியவில்லை என்றால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நீளமான கம்பின் அடிப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விட்டு, முகத்தைக் குழிக்கு நேரே கொண்டுபோகாமல், அடி தட்டும் வரை கம்பை மெதுவாக இறக்கி, சில நிமிஷம் நிறுத்தி எடுக்க வேண்டும். கசடு எட்டிய உயரம் துண்டில் கறுப்பாகத் தெரியும். நீரின் ஈரம் எட்டிய உயரத்தில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் லாரிக்குச் சொல்லலாம். பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பெட்டி கூடாது. துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும், குழந்தைகள் நிற்கக் கூடாது. இதற்கெல்லாம் முதலில் மூடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று போர்டிகோ கட்டி, பளபளப்பாக டைல்ஸ் ஒட்டி, மூடியை அதற்கடியில் புதைத்த வீடுகள் மகாராஜநகரில் மட்டுமா இருக்கின்றன? அந்த வீடுகளில் லாரிக்காரருக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.